எரிமலையிலிருந்து 30 கிலோமீட்டர்: அந்த ஊர் தப்புமா?

பல நூறு ஆண்டுகளாக அமைதியாக இருக்கும் ஓர் எரிமலை, அதிலிருந்து 30 கிலோமீட்டர் தள்ளி ஓர் ஊர். மலை பெரிதாக வெடித்தால் அந்த ஊருக்கு என்ன ஆகும் என்பதை வல்லுநர்கள் எப்படி மதிப்பிடுகிறார்கள், அந்த மதிப்பீட்டை நம்பி ஒரு குடும்பம் முடிவெடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. 30 கிலோமீட்டர் போதுமான தூரமா என்பது ஒன்று. யாரோ வரைந்த வரைபடத்தின் மீது உயிரை ஒப்படைக்கலாமா என்பது மற்றொன்று. எரிமலைப் படிவுகளைத் தோண்டிப் படித்து அபாய வரைபடம் தயாரிக்கும் வேலையில் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில், முதல் கேள்வியைச் சற்றுத் திருத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஊர் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதைவிட, மலையிலிருந்து கிளம்புவது எது, அது எந்த வழியாக வரும், வந்துசேர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

வெடிப்பின் அளவை வைத்துச் சாவின் அளவைச் சொல்லிவிட முடியாது. 1985 நவம்பர் 13 இரவு கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் வெடித்தபோது, அது எரிமலையியல் கணக்கில் சிறிய வெடிப்பாகவே இருந்தது. ஆனால் அதன் உச்சியை நிரந்தரப் பனி மூடியிருந்தது. சூடான சாம்பலும் கல்லும் பனியின் மேல் பரவி அதில் ஒரு சிறு பகுதியை உருக்கின. அந்த நீர் பள்ளத்தாக்குகளில் இறங்கும்போது வழியிலிருந்த மண்ணையும் பாறையையும் அள்ளிக்கொண்டு, குழைத்த சிமெண்ட் போன்ற சேறாகி, 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் ஆர்மேரோ என்னும் ஊரை மூடியது. அந்த இரவில் சுமார் 23,000 பேர் இறந்தனர். ஆறு ஆண்டுகள் கழித்து, 1991 ஜூன் 15 அன்று, பிலிப்பைன்ஸில் பினடுபோ வெடித்தது. இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய இரண்டு வெடிப்புகளுள் அது ஒன்று. சுற்றிலும் லட்சக்கணக்கானோர் வாழ்ந்த பகுதி அது. ஆயினும் வெடிப்பின்போது இறந்தோர் சில நூறு பேர்தான், ஏனென்றால் அடிவாரத்தில் இருந்தவர்கள் முன்பே வெளியேற்றப்பட்டிருந்தார்கள். இந்த இரண்டு நிகழ்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எந்த மதிப்பீட்டையும் நான் தொடங்குவதில்லை.

மதிப்பீடு மலையின் கடந்த காலத்திலிருந்து புறப்படுகிறது. எழுதி வைக்கப்பட்ட வரலாறு பெரும்பாலான எரிமலைகளுக்குச் சில நூறு ஆண்டுகளைத் தாண்டுவதில்லை; மலையோ லட்சக்கணக்கான ஆண்டுகள் வாழ்கிறது. ஆகவே சாலைக்காக வெட்டிய மண்சுவர், அரிக்கப்பட்ட ஆற்றங்கரை, கிணற்றுக்குத் தோண்டிய குழி என நிலத்தின் உட்புறம் தெரியும் இடங்களுக்கெல்லாம் போய் அடுக்குகளைப் படிக்கிறோம். வானிலிருந்து விழுந்த சாம்பல், மேடு பள்ளம் பாராமல் போர்வை விரித்தாற்போல் படிந்திருக்கும். தரையோடு பாய்ந்துவந்த அனல் ஓட்டத்தின் படிவு பள்ளங்களில் தடித்தும் மேடுகளில் மெலிந்தும் இருக்கும். சேற்றோட்டம் விட்டுச் சென்ற அடுக்கில் பொடிமணலும் வீட்டளவு பாறையும் தரம் பிரியாமல் கலந்து கிடக்கும். அடுக்குக்குள் கரிந்த மரத்துண்டு அகப்பட்டால், கதிரியக்கக் கார்பன் முறையில் அதன் வயதை அறியலாம். ஒரே சாம்பல் அடுக்கின் கனத்தைப் பல இடங்களில் அளந்து, சம கனமுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்தால், அந்த வெடிப்பில் வெளிவந்த பொருளின் மொத்தக் கன அளவும் அன்று காற்று வீசிய திசையும் தெரியவரும்.

இந்த ஆவணத்தில் பக்கங்கள் கிழிந்துபோயிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. சிறிய வெடிப்புகளின் மெல்லிய சாம்பலை அடுத்த மழைக்காலமே கழுவிக்கொண்டு போய்விடும். பணியின் தொடக்க ஆண்டுகளில் ஒரு மலையின் வடபுறத்தில் குறிப்பிட்ட காலகட்டத்துக்கு எந்தப் படிவும் இல்லை என்று எழுதிக்கொடுத்தேன்; பிறகு அருகிலிருந்த சதுப்பு நிலத்தில் குழாய் இறக்கி மண்ணை எடுத்தபோது, அதே காலகட்டத்தில் நான்கு சாம்பல் கோடுகள் அழியாமல் இருந்தன. படிவு இல்லை என்பது வெடிப்பு இல்லை என்பதாகாது என்பதை அந்தச் சேற்றுக் குழாயிடம்தான் கற்றேன். ஆகவே "பல நூறு ஆண்டுகளாக அமைதி" என்று நீங்கள் எழுதியிருப்பதை ஆறுதலான செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பினடுபோவும் 1991-க்கு முன் ஏறத்தாழ 500 ஆண்டுகள் அமைதியாகத்தான் இருந்தது; அதன் சரிவுகளில் வாழ்ந்த பலர் அதை எரிமலையாகவே கருதியிருக்கவில்லை.

எவ்வளவு பெரிய வெடிப்பு என்பதைக் குறிக்க, 1982-இல் நியூஹால், செல்ஃப் என்ற இரு அறிவியலாளர்கள் வகுத்த வெடிப்புக் குறியீட்டைப் பயன்படுத்துகிறோம். வெளிவந்த பொருளின் கன அளவே அதன் முதன்மையான அடிப்படை. மேல்படிகளில் ஒவ்வொரு படியும் முந்தையதைப்போல் பத்து மடங்கு. குறியீடு 5 என்றால் குறைந்தது 1 கன கிலோமீட்டர், 6 என்றால் 10, 7 என்றால் 100. அமெரிக்காவின் மவுண்ட் செயின்ட் ஹெலன்ஸ் 1980-இல் கண்டது 5, பினடுபோ 6, இந்தோனேசியாவின் தம்போரா 1815-இல் கண்டது 7. உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 6 நிலை வெடிப்பு நூற்றாண்டுக்கு ஒன்றிரண்டும், 7 நிலை ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒன்றிரண்டும் நிகழ்கின்றன. ஒரு தனி மலையின் அடுத்த வெடிப்பு இவற்றில் எந்தப் படியில் இருக்கும் என்பதை முன்கூட்டி உறுதியாகச் சொல்ல இன்றைய அறிவியலால் இயலாது. அதனால் நல்ல மதிப்பீடு ஒரே எதிர்காலத்தை வரைவதில்லை. சிறியது, நடுத்தரமானது, மிகப் பெரியது என்று மூன்று நான்கு நிலைமைகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஊரின் நிலையைப் பார்க்கிறது.

உயிரைப் பறிப்பதில் முதலிடம் அனலோட்டத்துக்கு. பைரோகிளாஸ்டிக் ஓட்டம் என்று நூல்களில் வழங்கும் இது, பல நூறு டிகிரி சூடான வாயுவும் சாம்பலும் கற்களும் ஒன்றாகக் கலந்து தரையைத் தழுவியபடி மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் இறங்கும் மேகம். கண்ணால் பார்த்த பிறகு ஓடித் தப்ப நேரம் இருக்காது. எந்த வீட்டுச் சுவரும் அதற்குப் புகலிடமல்ல. 1902 மே 8 அன்று மார்டினிக் தீவில் பெலே மலையிலிருந்து இறங்கிய ஓட்டம் சென் பியேர் நகரில் ஏறத்தாழ 28,000 பேரைச் சில நிமிடங்களில் கொன்றது. எவ்வளவு தூரம் செல்லும் என்பதை எளிய வழியில் மதிப்பிட, உச்சியிலிருந்து குறிப்பிட்ட சாய்வில் ஒரு கோட்டைக் கீழே இறக்கி, அது நிலத்தைத் தொடும் இடத்தை எல்லையாகக் கொள்வார்கள்; ஓட்டம் பெரிதாகப் பெரிதாக அந்தக் கோட்டின் சாய்வு குறைந்து எல்லை நீளும். பினடுபோவில் இது சுமார் 16 கிலோமீட்டர் வரை போயிற்று. இந்தோனேசியாவின் மெராபியில் 2010-இல் ஒரு பள்ளத்தாக்கு வழியே சுமார் 15 கிலோமீட்டர். இந்த எண்களைப் பார்த்து 30 கிலோமீட்டர் பாதுகாப்பானது என்று சொல்லத் தோன்றும். பெரும்பாலான வெடிப்புகளுக்கு அது சரியும்கூட. ஆனால் நியூசிலாந்தின் டௌபோவில் சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த வெடிப்பில் அனலோட்டம் எல்லாத் திசைகளிலும் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் பரவியிருக்கிறது. அரிதினும் அரிது, ஆனாலும் நிகழ்ந்த ஒன்று.

வட்டம் வரைந்து பாதுகாப்பைத் தீர்மானிப்பதில் இன்னொரு கோளாறும் உண்டு. செயின்ட் ஹெலன்ஸில் 1980 மே 18 அன்று, வாரக்கணக்கில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் வீதம் வெளித்தள்ளிக்கொண்டிருந்த வடக்குச் சரிவு மொத்தமாகச் சரிந்தது. அடைபட்டிருந்த அழுத்தம் மேல்நோக்கிப் போகாமல் பக்கவாட்டில் வெடித்து வடக்கே 25 கிலோமீட்டருக்கும் அப்பால் காட்டைச் சாய்த்தது. இறந்த 57 பேரில் பெரும்பாலோர் தடை செய்யப்பட்ட பகுதிக்கு வெளியே, சட்டப்படி இருக்க அனுமதிக்கப்பட்ட இடங்களில் இருந்தவர்கள். அவர்கள் விதியை மீறவில்லை. வரைந்த எல்லைதான் போதாமல் போனது. எல்லையை வரைபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு பயிற்சி வகுப்பிலும் வலியுறுத்துகிறேன்.

உங்கள் கேள்வியிலுள்ள ஊரைப் பொறுத்தவரை நான் அதிகம் கவலைப்படுவது சேற்றோட்டம் குறித்து. லஹார் என்ற ஜாவானியப் பெயரால் உலகெங்கும் அறியப்படும் இதற்குப் பனி உருக வேண்டும் என்பதில்லை. பள்ளத்தாக்குகளை நிரப்பிய புதிய சாம்பலின் மேல் கனமழை பெய்தாலே போதும். அது ஆற்றின் வழியைப் பிடித்துக்கொண்டு போவதால், மலைக்கு 10 கிலோமீட்டர் அருகிலிருக்கும் மேட்டு ஊர் தப்பலாம், 60 கிலோமீட்டர் தள்ளி ஆற்றின் சமவெளியில் இருக்கும் ஊர் அழியலாம். ஆர்மேரோ கட்டப்பட்டிருந்த இடமே 1845-இல் ஒரு சேற்றோட்டம் பரப்பிவிட்டுப் போன தட்டையான நிலம். விளைச்சலுக்கு உகந்த அந்தச் சமவெளியை உண்டாக்கியதும் பிறகு ஊரை அழித்ததும் ஒரே செயல்முறைதான். அங்கு உயிர்களைக் காப்பாற்றியிருக்கக்கூடியது, நேரம். இரண்டரை மணி நேரம் என்பது ஊர்மக்கள் பக்கத்து மேட்டுக்கு நடந்தே ஏறிவிடப் போதுமானது. எனவே ஆற்றின் மேற்பகுதியில் அதிர்வை உணரும் கருவிகளைப் பதித்து, ஊரில் சங்கு ஒலிக்கும் ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்களா என்பதே இத்தகைய ஊரில் நான் முதலில் விசாரிக்கும் விஷயம்.

சேற்றோட்டம் வெடிப்போடு முடிந்துபோவதும் இல்லை. பினடுபோவின் சரிவுகளில் தங்கிய சாம்பலை ஒவ்வொரு மழைக்காலமும் பல ஆண்டுகள் கீழே கொண்டுவந்தபடி இருந்தது. வெடிப்பு முடிந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1995-இல், பகோலோர் ஊர் சேற்றில் புதைந்தது. அங்குள்ள சான் கில்லெர்மோ தேவாலயம் இன்றும் பாதி உயரம்வரை மண்ணுக்குள் நிற்கிறது. பேரிடர் நிதியும் கவனமும் முதல் ஆண்டோடு வற்றிவிடும் பழக்கம் எங்கும் உண்டு என்பதால், மதிப்பீட்டு அறிக்கைகளில் "வெடிப்புக்குப் பின் பத்து ஆண்டுகள்" என்று ஒரு தனி அத்தியாயம் கட்டாயம் வேண்டும் என்று வாதாடி வந்திருக்கிறேன்.

30 கிலோமீட்டரில் ஏறக்குறைய உறுதியாக வரக்கூடியது சாம்பல், அதுவும் காற்று அந்தப் பக்கம் வீசினால். இதை அடுப்புச் சாம்பல் என்று நினைத்துவிடக் கூடாது. பொடியான பாறையும் கண்ணாடித் துகளும்தான் இது. எரியாது, கரையாது, கனமானது. உலர்ந்த நிலையில் 10 சென்டிமீட்டர் சாம்பல் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 50 முதல் 130 கிலோ வரை எடை தரும்; மழையில் ஊறினால் அது இரட்டிப்பாகலாம். பினடுபோ வெடித்த அதே நாளில் யுன்யா என்ற புயலும் அந்தத் தீவைக் கடந்தது. நனைந்த சாம்பலின் பாரத்தால் கூரைகள் இடிந்து விழுந்ததே அன்றைய சாவுகளுக்கு முதன்மையான காரணம். எனவே வீட்டுக்கு வீடு மதிப்பிடும்போது கூரையின் பொருள், சாய்வு, தாங்கும் மரங்களுக்கிடையேயான இடைவெளி ஆகியவற்றைப் பதிவு செய்கிறோம். செங்குத்தான சாய்வுடைய கூரை சாம்பலைச் சரியவிடும்; அகன்ற தட்டைக் கூரை சுமந்து நிற்கும். பள்ளிக்கூடங்களிலும் கூட்ட அரங்குகளிலும் இத்தகைய அகன்ற கூரைகள் அதிகம் என்பதும், மக்களைத் தங்கவைக்க அதிகாரிகள் முதலில் தேர்ந்தெடுப்பது அந்தக் கட்டடங்களையே என்பதும் தனியே கவனிக்கத்தக்கவை.

சில மில்லிமீட்டர் சாம்பல்கூட ஊரின் நடமாட்டத்தை நிறுத்திவிடும். நனைந்த சாம்பல் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் மின்கம்பங்களின் பீங்கான்களில் பொறி பறந்து மின்தடை உண்டாகும். மின்சாரம் போனால் குடிநீர் ஏற்றும் மோட்டார் நிற்கும். அதே வேளையில் கூரையையும் தெருவையும் கழுவ எல்லோரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறப்பார்கள். தொட்டி வற்றிவிடும், தீ பற்றினால் அணைக்க நீர் இருக்காது. கழுவிவிட்ட சாம்பல் சாக்கடைக்குள் இறங்கி இறுகிக்கொண்டால் அதைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். செயின்ட் ஹெலன்ஸிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த யாக்கிமா நகரத்தைச் சாம்பலிலிருந்து துப்புரவாக்கப் பத்து வாரங்கள் ஆயின. 2022 ஜனவரியில் டோங்காவின் கடலடி எரிமலை வெடித்தபோது கடலடித் தந்திவடம் அறுந்து, அந்த நாட்டின் உலகத் தொடர்பு முதல் நாட்களில் ஏறத்தாழ முற்றாகத் துண்டிக்கப்பட்டது; வடத்தைச் சீராக்க வாரக்கணக்கில் ஆயிற்று. எத்தனை பேருக்கு என்ன தேவை என்று கேட்கும் வழியே அடைபட்டது.

கால்நடைகளின் நிலை பல மதிப்பீடுகளில் ஓரத்துக் குறிப்பாகவே இடம்பெறுகிறது என்பதில் எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு. ஐஸ்லாந்தில் 1783-84-இல் லாக்கி என்னும் பிளவு எட்டு மாதங்கள் குழம்பையும் வாயுவையும் கக்கியது. மேய்ச்சல் நிலத்தில் படிந்த ஃப்ளூரின் ஆடு மாடுகளைக் கொன்றது, பஞ்சம் வந்தது, நாட்டின் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் மாண்டனர். குழம்பில் சிக்கி இறந்தவர் யாரும் இல்லை. இன்றும் ஓர் உழவர் குடும்பத்தை ஊரைவிட்டுக் கிளம்பச் சொல்லும்போது, மாடுகளை என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் விட்டால் அவர்கள் பகலில் முகாமிலும் விடியலில் மலையடிவாரத்திலும் இருப்பார்கள். மொன்செராட் தீவில் 1997 ஜூன் 25 அன்று இறந்த 19 பேர் தடை செய்யப்பட்ட பகுதிக்குள் இருந்தவர்கள். வயலைப் பார்க்கச் சென்றவர்களும் அவர்களுள் உண்டு. பிழைப்பு எங்கே இருக்கிறதோ அங்கே மனிதர்கள் திரும்பிப் போவார்கள் என்பதை மதிப்பீடு ஒரு தரவாகவே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

எரிமலைக் குழம்பு எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது, ஆனால் பெரும்பாலும் மெதுவாக நகர்வதால் வீட்டையும் நிலத்தையும் விழுங்கினாலும் ஆட்களை அரிதாகவே கொல்கிறது. கடலோரத்திலோ தீவிலோ இருந்தால் மலைச்சரிவு கடலில் விழுந்து எழுப்பும் ஆழிப்பேரலையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2018 டிசம்பர் 22 இரவு இந்தோனேசியாவின் அனாக் கிரகட்டோவா என்ற தீவு எரிமலையின் ஒரு பக்கம் சரிந்தபோது 400-க்கும் மேற்பட்டோர் முன்னறிவிப்பே இல்லாமல் இறந்தனர். வாயுக்கள் பள்ளங்களில் தேங்கும். மூச்சுக் கோளாறு உள்ளவர்களுக்குச் சாம்பல் உடனடித் தொல்லை தரும் என்பது உறுதி. சில வாரச் சாம்பல் நுரையீரலுக்கு நெடுங்காலப் பாதிப்பை உண்டாக்குமா என்பது இன்னும் தீராத கேள்வி.

இவற்றையெல்லாம் கணினிக்குள் கொண்டுவந்து எண்ணாக மாற்றுவது அடுத்த கட்டம். பல ஆண்டுக் காற்றுப் பதிவுகளை எடுத்து, ஆயிரக்கணக்கான முறை மலையைக் கணினியில் வெடிக்கவைத்து, ஒவ்வொரு முறையும் ஊரில் எவ்வளவு சாம்பல் விழுந்தது என்று எண்ணினால், "இந்த ஊரில் 10 சென்டிமீட்டருக்கு மேல் விழும் வாய்ப்பு 20 விழுக்காடு" என்பது போன்ற முடிவு வரும். இதைப் படிக்கும் மக்களும் சில நேரம் அதிகாரிகளும், மலை வெடிக்கும் வாய்ப்பே 20 விழுக்காடு என்று புரிந்துகொள்கிறார்கள். அது தவறு, மலை குறிப்பிட்ட அளவில் வெடித்தால் என்ற நிபந்தனைக்கு உட்பட்ட எண் அது. மலை வெடிக்குமா, வெடித்தால் எவ்வளவு, எந்தப் பக்கம், ஊரை எட்டுமா என்று கிளை கிளையாகப் பிரியும் மரம்போல் வரைந்து ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனி வாய்ப்பைக் குறிக்கும் முறை இருக்கிறது. அந்த மரத்தின் எந்தக் கிளையில் இந்த எண் தொங்குகிறது என்று கேட்காமல் எந்த விழுக்காட்டையும் ஏற்காதீர்கள்.

மலையைப் படிப்பது பாதி வேலைதான். மறுபாதி, ஊரைப் படிப்பது. மக்கள்தொகைக் கணக்கு இரவில் எங்கே உறங்குகிறார்கள் என்பதைச் சொல்லும். பகலில் பிள்ளைகள் எந்தப் பள்ளத்தாக்கைக் கடந்து பள்ளிக்குப் போகிறார்கள் என்பதைச் சொல்லாது. வெளியேறும் சாலை ஆற்றைப் பாலத்தால் கடக்கிறதா, படுத்த படுக்கையாக இருப்பவர்கள் எத்தனை பேர், வண்டி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர், முகாமில் கழிப்பறையும் தடுப்பூசியும் இருக்குமா என்பனவெல்லாம் சாவின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பவை. பினடுபோவின் சரிவுகளில் வாழ்ந்த ஆய்த்தா பழங்குடியினர் வெடிப்பிலிருந்து தப்பி முகாம்களுக்கு வந்துசேர்ந்த பிறகு, தட்டம்மை முதலிய நோய்களுக்கு நூற்றுக்கணக்கில் தங்கள் பிள்ளைகளையும் உறவுகளையும் பறிகொடுத்தார்கள். மலையைப் பற்றிய எங்கள் கணிப்பு சரியாக இருந்த நிகழ்வில் நேர்ந்தது இது. அதனால்தான் எளிதில் மறக்கப்படுகிறது.

மலை விழிக்கத் தொடங்கினால் முன்கூட்டியே தெரியுமா என்பதையும் சொல்லிவிடுகிறேன். நில அதிர்வுமானிகளும் தரையின் வீக்கத்தை அளக்கும் ஜி.பி.எஸ்., செயற்கைக்கோள் ரேடார் ஆகியவையும் கந்தக டைஆக்சைடை அளக்கும் கருவிகளும் நிறுவப்பட்ட மலையில், பெரிய வெடிப்புக்கு முன் ஏதோ மாறுகிறது என்பதைப் பெரும்பாலும் கண்டுவிட முடியும். அந்த மாற்றம் வெடிப்பில் முடியுமா என்பதே கடினமான பகுதி. 1976-இல் கரீபியன் தீவான குவாதலூப்பில் 70,000-க்கும் மேற்பட்டோர் மாதக்கணக்கில் வெளியேற்றப்பட்டனர். அஞ்சிய பெரிய வெடிப்பு வரவில்லை. பப்புவா நியூ கினியின் ரபால் நகரில் 1983 முதல் 1985 வரை நிலம் நடுங்கி உயர்ந்து, வெடிப்பின்றி அடங்கியது. பின்பு 1994 செப்டம்பரில் ஏறத்தாழ ஒரு நாள் நடுக்கத்துக்குப் பிறகு இரண்டு வாய்கள் ஒன்றாக வெடித்தன. முந்தைய பொய்த்த எச்சரிக்கையின்போது செய்த ஒத்திகைகளும், 1937 வெடிப்பைக் கண்ட பெரியவர்கள் சொல்லிவந்த செய்திகளும் மக்கள் நினைவில் இருந்தமையால், பல்லாயிரம் பேர் இரவோடு இரவாக வெளியேறினர்; நகரம் அழிந்தது, உயிரிழப்பு மிகச் சிலவே. பொய்த்த எச்சரிக்கை வீண் செலவு என்று சொல்பவர்களுக்கு நான் ரபாலைத்தான் காட்டுவேன்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, நம்பலாமா என்பது. எந்தெந்த ஆபத்து எந்த வழியாக வரும் என்பதில் நல்ல வரைபடத்தை உறுதியாக நம்பலாம், ஏனென்றால் பள்ளத்தாக்குகள் இடம் மாறுவதில்லை. எவ்வளவு தூரம் வரும் என்பதில் அரைகுறையாக நம்பலாம். வரைபடத்தின் கோடு ஒரு மதில் அல்ல, இரண்டு நிறங்களுக்கிடையே நாங்கள் எங்காவது பேனாவை வைத்தாக வேண்டியிருந்தது என்பதற்கான அடையாளம். ஒரு கிராமக் கூட்டத்தில், நான் வரைந்த கோடு தன் வீட்டுக்கும் தொழுவத்துக்கும் நடுவே போவதைக் காட்டி, "நான் தப்பித்து என் மாடு சாகுமா?" என்று ஒரு மூதாட்டி கேட்டார். அன்றிலிருந்து கோட்டை அகலமாக, ஓரம் மங்கலாக வரைகிறேன். எப்போது, எவ்வளவு பெரிதாக என்பதில் நீண்டகால முன்னறிவிப்பு என்று யாராவது தேதியோடு சொன்னால் நம்ப வேண்டாம்.

வரைபடம் இருப்பதும் பயன்படுவதும் வேறு வேறு. ஆர்மேரோ சேற்றோட்டத்தின் வழியில் இருப்பதைக் காட்டிய அபாய வரைபடம் பேரழிவுக்கு ஒரு மாதத்துக்கு முன்பே தயாராகியிருந்தது. அன்று பிற்பகலில் ஊரில் சாம்பலும் விழுந்தது. ஊரை வெளியேற்றும் முடிவுதான் எடுக்கப்படவில்லை. இதற்கு எதிர்ப்புறத்தில் மெராபி இருக்கிறது. 2010-இல் அறிகுறிகள் வலுக்க வலுக்கத் தடைப் பகுதியை 10, 15, 20 கிலோமீட்டர் என்று அதிகாரிகள் விரித்துக்கொண்டே போனார்கள். 300-க்கும் மேற்பட்டோர் இறந்தாலும், 10,000 முதல் 20,000 உயிர்கள் காக்கப்பட்டன என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். 2021 ஏப்ரலில் செயின்ட் வின்சென்ட் தீவில் வெளியேற்ற ஆணை பிறந்த மறுநாளே மலை வெடித்தது. வெடிப்பால் நேரடியாக யாரும் இறக்கவில்லை.

ஆகவே 30 கிலோமீட்டரில் இருக்கும் அந்த ஊருக்கு, மலையின் பெயரும் ஆறுகளின் போக்கும் தெரியாமல் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். 5 அல்லது 6 நிலை வெடிப்பில் அனலோட்டம் ஊரை எட்டும் வாய்ப்பு குறைவு. காற்று அந்தத் திசையில் வீசினால் கூரையை இடிக்கும் அளவுக்குச் சாம்பல் விழும் வாய்ப்பு மெய்யானது. ஊர், மலையில் தோன்றும் ஓர் ஆற்றின் கரையில் தாழ்வாக இருந்தால் சேற்றோட்டம் முதன்மை ஆபத்து, உயர்ந்த மேட்டில் இருந்தால் அந்த ஆபத்து பெரும்பாலும் இல்லை. உள்ளூர் எரிமலை ஆய்வு நிலையத்தில் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். அது எந்த ஆண்டில் தயாரானது, எந்த அளவு வெடிப்பை எடுத்துக்கொண்டு வரையப்பட்டது, மழைக்காலச் சேற்றோட்டம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு நாள் குடும்பத்தோடு, வீட்டிலிருந்து அருகிலுள்ள மேட்டுக்கு, ஆற்றைக் கடக்காத வழியாக நடந்து, எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிமிடக் கணக்கு எந்த நிபுணரின் அறிக்கையிலும் இருக்காது.